பதினொருவர் பட்டியலில் இல்லாத பெயர்: தில்லையாடி வள்ளியம்மை வாழ்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஊற்று, தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம் குறித்துக் காந்தி எழுதிய வரலாறு. எரவாடாச் சிறையில் குஜராத்தியில் எழுதத் தொடங்கப்பட்ட அந்நூல் 1928இல் ஆங்கிலத்தில் வந்தது. சிறை சென்ற பெண்களைக் காந்தி அதில் மனமுருகிப் போற்றுகிறார். சட்ட நுணுக்கம் அவர்களுக்குத் தெரியாது. பலருக்கு நாடு என்ற எண்ணமே கிடையாது. சிலருக்கு எழுத்து வாசனையும் இல்லை. நம்பிக்கை ஒன்றே அவர்களை நடத்தியது. ஆகவே அது தூய தியாகம் என்பது அவர் வாதம். இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. அது வள்ளியம்மையின் மரணத்தை உயர்த்திவிட்டு, அவர் செய்த வேலையை மறைத்துவிடுகிறது.

மறுப்புக்கான இடம் காந்தியின் நூலிலேயே இருக்கிறது. டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாஸில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பதினொரு பெண்களை அவர் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார். ஒருவர் தவிர ஏனையோர் தமிழர் என்றும், ஆறு பேர் கைக்குழந்தையோடு வந்தனர் என்றும் சொல்கிறார். சத்தியாகிரகப் போராளி தம்பி நாயுடுவின் மனைவி பெயர் அதில் உண்டு; மணமாகாத இருவர் பெயரும் உண்டு. வள்ளியம்மை பெயர் இல்லை. சில பக்கங்கள் கழித்து, நோயோடு சிறை மீண்ட பெண்ணாகவே அவர் தோன்றுகிறார். நாம் அவரைச் சந்திப்பது படுக்கையில்தான்.

காரணம் எளிது. வள்ளியம்மையும் தாய் மங்களமும் 1913 அக்டோபரில் நேட்டாலுக்குச் சென்ற இரண்டாவது குழுவைச் சேர்ந்தவர்கள். தந்தை முனுசாமி அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிக்கொண்டிருந்த சமயம் அது. அவரை விட்டுவிட்டுத் தாயும் மகளும் புறப்பட்டதைக் கணநேர உணர்ச்சி என்று கொள்ள முடியுமா? வீட்டுக்குள் பேசி எடுத்த முடிவாகவே அதை நான் படிக்கிறேன். இக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பேசினர். பேசுபொருள் மூன்று பவுன் வரி. ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாத கூலிகள் மீது நேட்டால் விதித்த வரி அது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை மீது அந்த வரி விழவில்லை. பிறர் மீது விழுந்த வரியை, அதைக் கட்டுவோர் நடுவிலேயே நின்று எடுத்துச் சொன்ன குழுவில் இருந்தவரை எதுவும் அறியாதவர் என்பது பொருந்தாது. சுரங்கங்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. தாய்மொழியில் பேசவல்ல பெண்கள் அங்கே தேவைப்பட்டார்கள். அவர் தாமே மேடையேறிப் பேசினார் என்று நிறுவ நேர்ச்சான்று போதாது. ஆனால் பேசவென்றே சென்ற குழுவில் அவரை வெறும் துணையாக வைப்பதற்கு அதைவிடக் குறைந்த சான்றே உள்ளது.

தேதிகளையும் பார்க்க வேண்டும். தண்டனை 1913 டிசம்பரில். மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. முழுக்காலம் கழித்திருந்தால் மார்ச்சில்தான் வெளிவந்திருப்பார். இறந்ததோ 1914 பிப்ரவரி 22, அதுவும் விடுதலைக்குப் பின். ஆக, காலம் முடியுமுன்பே விடுதலை. நோயைக் காட்டி அதிகாரிகள் விடுவிக்க முன்வந்தபோது அவர் மறுத்தார் என்ற செய்தியோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். ஜனவரியில் தென்னாப்பிரிக்க அமைச்சர் ஸ்மட்ஸும் காந்தியும் கண்ட இடைக்கால உடன்பாட்டையொட்டிய விடுதலை என்று கொண்டால் முரண் நீங்கும். இது என் ஊகமே. பிறந்த நாளை 1898 பிப்ரவரி 22 என்று நூல்கள் தருகின்றன. இறந்த நாளும் அதே தேதி. காந்தி சொன்ன பதினாறு வயதைப் பின்னோக்கிக் கணக்கிட்டதில் பிறந்த தேதி இதுவோ என்ற ஐயம் எனக்கு உண்டு. முடிவாகச் சொல்ல மாட்டேன்.

சேலையைக் கிழித்து இந்தியக் கொடியாகக் காட்டினார் என்ற மேடைக் கதைக்கு இத்தகைய தயக்கம் தேவையில்லை. காந்தியின் நூலில் அது இல்லை. காவி, வெள்ளை, பச்சைக் கொடியைக் காங்கிரஸ் ஏற்றதே 1931இல்தான்.

காரைக்கால் பகுதியின் அம்பகரத்தூர் வயல்களிலிருந்து, வள்ளியம்மையின் பெற்றோர் ஊரான தில்லையாடி தொலைவில்லை. இடையே இருந்தது பிரெஞ்சு எல்லை. காரைக்கால் துறை ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஆள் ஏற்றிய அதே நூற்றாண்டில், எல்லைக்கு அந்தப் பக்கத்தார் நேட்டாலுக்கும் டிரான்ஸ்வாலுக்கும் போனார்கள். வள்ளியம்மை அப்படிக் குடியேறிய தலைமுறையின் மகள். அவர் பொதுவாழ்வு அந்தச் சமூகத்துக்குள் உருவானது. 1914 ஜூலை 15 அன்று, தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட மூன்று நாள் இருக்கையில், பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் வள்ளியம்மைக்கும் நாகப்பனுக்கும் நினைவுக்கல் திறக்கப்பட்ட நிகழ்வில் காந்தி கலந்துகொண்டார். 1909இல் சிறை மீண்ட சில நாளில் இறந்த இளைஞர் நாகப்பன். அந்தச் சமூகம் இருவரையும் ஒரே வரிசையில் வைத்தது.

பிள்ளைகளுக்காக வள்ளியம்மை வரலாற்றை எழுதுவோர் கொடிக்கதையை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டாம் குழுவின் நேட்டால் பயணத்தையும் மூன்று பவுன் வரியையும் எழுத வேண்டும்.