ஊரைப் பெயராகக் கொண்டவர்

சிவராத்திரிக்கு முந்தின இரவு எங்கள் அருமனைச் சாலைக்கு உறக்கம் கிடையாது. காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக, "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு சிவாலய ஓட்டக்காரர்கள் போவார்கள். பன்னிரண்டு சிவன் கோயில்களைச் சுற்றி வருகிற யாத்திரை அது. முதல் கோயில் முஞ்சிறை, இரண்டாவது திக்குறிச்சி, மூன்றாவது திற்பரப்பு. திக்குறிச்சியிலிருந்து திற்பரப்புக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர்.

ஒரு வருஷம், ஓட்டக்காரர்களுக்குச் சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவனிடம் கேட்டேன்.

"திக்குறிச்சின்னு சொன்னா உனக்கு என்ன ஞாபகம் வருது, மக்களே?"

"கோயில்தான் அண்ணாச்சி. வேற என்ன?"

பக்கத்துப் பெஞ்சில் இருந்த கிழவர் சிரித்தார். "ஒரு காலத்தில இந்தப் பேரைச் சொன்னா, காசர்கோடு வரைக்கும் ஒரு மனுஷனைத்தான் நெனப்பாவ" என்றார்.

அந்த மனுஷர் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். 1916-இல் பிறந்தவர். கவி, நாடகாசிரியர், நடிகர், டைரக்டர் என்று ஒரே மனிதருக்குள் நாலு பேர் குடியிருந்தார்கள். அவர் இளைஞராக இருந்த நாட்களில் மலையாள மேடை, தமிழ்க் கம்பெனிகளிடம் கற்ற சங்கீத நாடகப் பாணியில் நடந்துவந்தது. ராஜா உயிர் விடுவதென்றாலும் ஒரு ராகத்தை இழுத்து முடித்துவிட்டுத்தான் விடுவார். சுகுமாரன் நாயரோ மனிதர்கள் வீட்டில் பேசுகிற பேச்சையே மேடையில் பேச வைத்தார். அப்படி அவர் எழுதிய 'ஸ்திரீ' 1950-இல் படமாயிற்று; அவரே நடித்தார். அடுத்த ஆண்டு கே. வேம்பு டைரக்ட் செய்த 'ஜீவித நௌகா' வந்தது. மலையாளப் படவுலகம் கண்ட முதல் மகத்தான வெற்றி அதுதான். 1953-இல் 'சரியோ தெற்றோ' படத்தைத் தாமே எழுதி, டைரக்ட் செய்து, நடித்தும் காட்டினார்.

அவருக்கு இன்னொரு திறமையும் உண்டு. மற்றவர்களுக்குப் பெயர் வைப்பது. 1952-இல் 'விசப்பின்டெ விளி' படத்தில் அப்துல் காதர் என்ற இளைஞருக்குப் பிரேம் நஸீர் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் பிற்பாடு கேரளத்தையே ஆண்டது. குஞ்ஞாலு என்ற ஹாஸ்ய நடிகரைப் பகதூர் ஆக்கியவரும் அவரே. பிறருக்கெல்லாம் புதுப் பெயர் தந்தவர், தமக்கு மட்டும் பிறந்த ஊரையே பெயராக வைத்துக்கொண்டார். நாளாவட்டத்தில் சுகுமாரன் நாயர் மறைந்தார். 'திக்குறிச்சி' மட்டும் நின்றது.

அப்புறம் எல்லை வந்தது. 1956 நவம்பர் முதல் தேதி, விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்கள் பலியாயின. அந்தத் தியாகத்தை யார் குறை சொல்ல முடியும்? நம் மொழி பேசுகிற ராஜ்யத்தில் நாம் இருக்க வேண்டும் என்று கேட்டது நியாயந்தான். ஆனால் ஊர் இந்தப் பக்கம் வந்தபோது, ஊர்ப் பெயர் ஒரு மனிதரோடு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கேட்க நமக்குத் தோன்றவேயில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் அவர் நடித்த பழைய படங்களைப் பார்த்திருக்கிறேன். நரைத்த தலையும் கனத்த குரலுமாக யாருக்காவது தகப்பனாராக வருவார். "இது நம்ம திக்குறிச்சி ஆளுலே" என்று அடுத்த வீட்டுப் பாட்டா சொல்வார். நான் நம்பியதில்லை. தொலைக்காட்சிக்குள் வருகிறவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார் என்று எந்தப் பையன்தான் நம்புவான்? 1972-இல் 'மாயா' படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகர் பரிசும், 1973-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர் அவர் என்பதெல்லாம் நான் பின்னால் அறிந்துகொண்டவை. 1997 மார்ச்சில் அவர் காலமானார்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்படீன்னா அவரு நம்ம ஆளா, அவங்க ஆளா அண்ணாச்சி?" என்றான்.

அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. ஒருவரிடம், "எங்கேயிருந்து வாறீங்க?" என்று கேட்டேன். மூச்சு வாங்க, "திக்குறிச்சியிலேருந்து" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு தம்ளரை நிறைத்து அவரிடம் நீட்டினான்.