சூதுபவள விலங்குருவங்கள்

சிங்கம், புலி, ஆமை போன்ற உருவங்களைச் சிவந்த சூதுபவளக் கல்லில் சிறிதாகக் கடைந்து, நூல் கோக்கத் துளையிட்டு அணியும் வழக்கம் கி.மு. காலத்துத் தெற்காசியாவிலும் வங்கக் கடலின் அக்கரையிலும் இருந்தது. சீனாவில் ஜேட் என்ற கல்லில் செய்த விலங்குகளுக்கு நமது கடற்பரப்பில் நெருங்கிய உறவு இவைதான்.

ஜேட் மரபு மிகப் பழையது. வடகிழக்குச் சீனாவின் ஹொங்ஷான் மக்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பன்றித்தலையுடன் சுருண்டு கிடக்கும் உருவங்களைச் செய்து, இறந்தோருடன் புதைத்தார்கள். 1976இல் அன்யாங்கில் திறக்கப்பட்ட ஷாங் அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் 755 ஜேட் பொருள்கள் கிடைத்தன. யானை, புலி, பறவை என விலங்குகள் பல அவற்றில் உண்டு. ஜேட்டை உளியால் செதுக்க முடியாது. குவார்ட்ஸ் மணலும் நீரும் இட்டுத் தேய்த்துத் தேய்த்தே உருவத்தை வெளிக்கொண்டுவர வேண்டும்.

சூதுபவளம் ஜேட்டைவிடச் சற்றுக் கடினமானது. மங்கிய பழுப்புக் கல்லைச் சூடாக்கினால் அதிலுள்ள இரும்பு மாற்றமடைந்து செந்நிறம் ஏறும். பிறகு தட்டி உருவாக்கி, தேய்த்து, மெருகேற்றி, வைர நுனியுள்ள துரப்பணத்தால் துளையிடுவார்கள். விரல் நுனி அளவுள்ள சிங்கத்தின் உடலில் துளை போடும்போது கல் பிளந்தால் அதுவரை செய்த வேலை முழுவதும் வீண். இந்தக் கைத்திறனுக்கு வரலாற்று நூல்கள் தந்திருக்கும் இடம் போதாது.

தமிழகத்தில் இதன் பெரிய மையம் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல். 1985 முதல் கா. ராஜன் முதலானோர் நடத்திய அகழாய்வுகள் அங்கே மணிப்பட்டறைகள் இருந்ததைக் காட்டின. நீலக்கல்லும் பளிங்கும் அந்தப் பகுதியிலேயே கிடைத்தன; சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்தது. அங்குள்ள ஈமக்குழி ஒன்றில் கிடைத்த வெண்கலப் புலியின் உடலில் சூதுபவளமும் நீலக்கல்லும் பதிக்கப்பட்டிருந்தன.

கடல் கடந்த கதை இதைவிட வியப்பானது. தாய்லாந்தின் பான் டொன் டா பெட் இடுகாட்டில் கிடைத்த சூதுபவளச் சிங்கம் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதை ஆராய்ந்த இயன் குளோவர், சாக்கிய சிங்கமாகிய புத்தரின் குறியீடாக அதைக் கண்டார். மேல் மியன்மாரில் சூதுபவளப் புலிகள் கிடைத்துள்ளன. தென்சீனத் துறைமுகமான ஹெபுவின் ஹான் காலக் கல்லறைகளிலும் சூதுபவள அணிகள் உண்டு. அந்தக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்வழியில் ஹுவாங்ஜி என்ற நாட்டைச் சீன வரலாற்று நூலான ‘ஹான் ஷு’ குறிப்பிடுகிறது. அது காஞ்சிபுரமே என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஜேட்டின் நாட்டிலேயே சூதுபவளத்துக்கும் மதிப்பு இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாடும் இந்தக் கடல்வணிக வலையின் ஒரு கண்ணி. கொக்குவிலின் அயலூரான ஆனைக்கோட்டையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பெருங்கற்கால ஈமத்தலத்தை அகழ்ந்து, பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையை எடுத்தனர். வடக்கே கந்தரோடையில், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் அகழ்ந்தது. அந்த ஊர் மண்ணில் கிடைத்த சூதுபவள மணிகளைக் கொடுமணலோடும் ஹெபுவோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொக்குவில், ஆனைக்கோட்டைப் பக்கத்து வளவுகளில் கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ துளையிட்ட சிவப்புக் கல் அகப்பட்டால், அதைக் கழுவி மாலையில் கோத்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தொல்லியல் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ உடனே அறிவியுங்கள்.