கைவிட்டுப் போன கியர்: ஒரு சிறு வரலாறு

விளையாட்டுக் கார்களை நேசிப்பவர்கள் கூடுமிடங்களில் தவறாமல் எழும் புலம்பல் ஒன்று உண்டு. மூன்று மிதிகளும் கையால் மாற்றும் கியரும் கொண்ட வண்டிகள் அருகிவிட்டன. அவற்றைக் கொன்றது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரையும் பூட்டும் ஹைப்ரிட் முறைதான் என்பது அது. புலம்பலின் முற்பாதி உண்மை. பிற்பாதியை வரலாறு ஏற்கவில்லை. கொலை நடந்த நேரத்தில் குற்றவாளி அவ்விடத்திலேயே இல்லை என்பதே என் துணிபு.

முதலில் வயதைப் பார்த்துவிடலாம். முன்புறம் எஞ்சின், நடுவே கிளட்சும் கியர்பெட்டியும், பின்சக்கரங்களில் இயக்கம் என்ற அமைப்பைப் பிரான்சின் எமில் லெவஸ்ஸோர் 1891-இல் உருவாக்கினார். அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே ஹைப்ரிட்டும் பிறந்துவிட்டது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார் பொருத்திய மின்வண்டியைக் காட்டிய ஃபெர்டினாண்ட் போர்ஷே, உடனடியாகவே அதில் பெட்ரோல் எஞ்சினையும் சேர்த்தார். எஞ்சின் மின்சாரத்தை உண்டாக்கியது. மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றின. கியர்பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை. ஆயினும் எடையும் விலையும் அம்முறையை முடக்கிப்போட, கியர்பெட்டி நிலைத்தது.

நிலைத்ததே தவிர, எளிதாக இருக்கவில்லை. பற்சக்கரங்களின் வேகத்தை ஓட்டுநரே காதால் கணித்து இணைக்க வேண்டும். தவறினால் கரகரவென்று அரைபடும். அவ்வேகங்களைத் தானாகச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் அமைப்பைக் காடிலாக் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்தது. 1939-இல் ஓல்ட்ஸ்மொபைல் முழுத் தானியங்கிப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. சொகுசுக் கார்கள் அப்பக்கம் சாய்ந்தன. விளையாட்டுக் கார்கள் சாயவில்லை. அன்றைய தானியங்கி எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கை வீணாக்கியது, தயங்கித் தயங்கி மாறியது. கையால் மாற்றுவதே வேகமானதாகவும் இருந்தது, இன்பமானதாகவும் இருந்தது. இரண்டும் ஒரே தண்டில் குடியிருந்தமையால், தாம் விரும்புவது எதை என்று பிரித்துப் பார்க்கும் தேவை எவருக்கும் எழவில்லை.

அத்தேவை எழுந்த நாள் 1989 மார்ச் 26. பிரேசிலில் நடந்த ஃபார்முலா 1 போட்டியில், ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 வண்டியை நைஜல் மான்செல் ஓட்டினார். அதில் கியர் தண்டு இல்லை. ஸ்டியரிங்கின் பின்னால் இரு சிறு துடுப்புகள் மட்டுமே இருந்தன. வண்டி பாதியில் நின்றுவிடும் என்றெண்ணி, முன்னதாகவே கிளம்பும் விமானத்தில் மான்செல் இடம் பதிந்திருந்தாராம். ஆனால் வென்றார். சில ஆண்டுகளில் களம் முழுவதும் துடுப்புக்கு மாறியது.

களத்தில் நடந்தது சாலைக்கு வந்தது. 1997-இல் ஃபெராரி 355 துடுப்புகளோடு விற்பனைக்கு வந்தது. 2002-இல் வந்த என்ஸோவில் வேறு தெரிவே கிடையாது. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 இரட்டைக் கிளட்ச் பெட்டியைச் சாதாரணர் கைக்கும் கொணர்ந்தது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு மற்றொன்று. ஒன்று இயங்கும்போதே அடுத்தது ஆயத்தமாய்க் காத்திருக்கும். எந்த மனிதக் கையும் அதனோடு போட்டியிட இயலாது. 2008-இல் போர்ஷே 911-உம் அதனை ஏற்றது.

ஹைப்ரிட் மீவேகக் கார்களான லாஃபெராரி, மெக்லாரன் பி1, போர்ஷே 918 மூன்றும் வந்தது 2013-இல். அதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. மாறாக, 1999-இல் வெளிவந்த ஹோண்டா இன்சைட்டும் 2010-இல் வந்த சிஆர்-இஸட்டும் ஹைப்ரிட்டாக இருந்துகொண்டே கையியக்க கியரையும் கொண்டிருந்தன. எனவே இரண்டும் பிறவிப் பகைவர்கள் அல்லர். மோட்டார் எப்போது உதவ வேண்டும், எப்போது மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்று கணினி நொடிக்கு நொடி முடிவெடுக்கையில், ஓட்டுநரின் இடது கால் குறுக்கே வருவது பொறியாளருக்குத் தொல்லை, அவ்வளவே.

ஆர்வலர்களின் மறுமொழியே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. 2013-இல் 911 ஜிடி3 துடுப்போடு மட்டுமே வந்தபோது பெருங்கூக்குரல் எழுந்தது. 2016-இல் போர்ஷே 991 வண்டிகள் மட்டும், கையியக்க கியரோடு மட்டும், 911 ஆர் என்ற பெயரில் வெளியிட்டது. அவை மறுவிற்பனையில் அடக்க விலையைப் பன்மடங்கு தாண்டின. 2017-இல் ஜிடி3-க்கே கையியக்கம் திரும்பியது. 2024-இல் 911 ஜிடிஎஸ் ஹைப்ரிட் ஆயிற்று. நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் முந்தைய வண்டியைவிட ஏறத்தாழ 8.7 நொடி விரைந்தது. அதில் கையியக்கம் இல்லை. ஒரு சாரார் நொடிகளை மெச்சினர். மறுசாரார், அந்த நொடிகள் யாருக்கு வேண்டும் என்றனர்.

இரண்டாம் சாராரின் வினா நேர்மையானது. ஆனால் அது 1989-இலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும். அதுகாறும் ஒரு காரின் மேன்மையை நிறுத்துக்கடிகாரத்தால் அளந்தவர்கள் நாமேயன்றோ? கடிகாரம் தன் வேலையைச் செய்தது. இன்று 2023-இல் வந்த ஹூண்டாய் அயோனிக் 5 என் என்னும் மின்கார், இல்லாத கியர்களை மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது, ஒலிபெருக்கியில் உறுமுகிறது. தேவையற்றது என்று கழித்ததை, ஏக்கம் தாளாமல் பொம்மையாகத் திரும்பப் பெறுகிறோம். கை கற்ற வித்தையின் மதிப்பு அதன் பயனில் மட்டும் இல்லை என்பதை உணர, அதன் பயன் முற்றாக அற்றுப்போக வேண்டியிருந்தது.