பி வகை என்ஜினும் அதன் ஐந்து ஆட்களும்: டார்ஜிலிங் மலைரயிலின் தயாரிப்புப் பட்டியல் குறித்து ஒரு மறுவாசிப்பு

டார்ஜிலிங் இமாலய ரயில்வேயின் பி வகை என்ஜினைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் ஒரே சான்றில் போய் நிற்கின்றன: தயாரிப்புப் பட்டியல். 1889 முதல் 1925 வரை ஒரே அடிப்படை வடிவில் 34 என்ஜின்கள். கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டூவர்ட் வகுத்த வடிவத்தை, 1903இல் அது இணைந்து உருவான நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் தொடர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பால்ட்வின் 3 என்ஜின்களை அனுப்பியது. ரயில்வேயின் சொந்தத் திந்தாரியா பணிமனை தானே 3 கட்டியது. 36 ஆண்டுகள் மாற்ற வேண்டியிராத வடிவம் குறையற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்பது வழிவழியாக வந்த முடிவு.

பட்டியல் சரியானதே. அதிலிருந்து எடுத்த முடிவுதான் ஐயத்துக்குரியது.

வடிவத்தின் சாமர்த்தியத்தை மறுப்பதற்கில்லை. 2 அடிப் பாதை. சுமார் 18 மீட்டர் ஆரத்துக்கே சுருங்கும் வளைவுகள். பற்சக்கரத்தின் துணையில்லாத ஏற்றம். இதற்கு நான்கே சக்கரங்கள் போதுமென வைத்து, தண்ணீரைக் கொதிகலன் மேலும் சட்டத்தின் நடுவிலும் ஏற்றி, முழு எடையையும் அச்சக்கரங்களின் மீதே இறக்கினார்கள். நிலக்கரிக்கு மிஞ்சிய இடம் டிரைவர் அறைக்கு முன்னால், கொதிகலனுக்கு மேலே. இதுவரை எல்லாம் பொறியியல்.

ஆனால் அங்கே கிடக்கும் கரி தானாக அடுப்புக்கு வராது. அதன்மீதே ஓர் ஆள் உட்கார்ந்து, கட்டிகளைச் சுத்தியலால் உடைத்து, பின்னாலுள்ள ஃபயர்மேனுக்குத் தள்ள வேண்டும். கொதிகலனின் சூடு கீழே, புகை முகத்துக்கு நேரே. அவருக்கென்று ஓர் இருக்கைகூட இல்லை. என்ஜினின் முன்விளிம்பில் இன்னும் இருவர். மழையிலும் மூடுபனியிலும் வழுக்கும் தண்டவாளத்தில், சக்கரம் சுழன்றுவிடாமல் கையால் மணல் தூவிக்கொண்டே போவார்கள். டிரைவரையும் ஃபயர்மேனையும் சேர்த்தால் ஐந்து பேர், அதுவும் 15 டன் அளவேயுள்ள என்ஜினுக்கு. மணலைப் பெட்டியிலிருந்து குழாய்வழி இறக்கும் ஏற்பாடு அக்கால ரயில் உலகுக்குப் புதிதல்ல. இமயத்து ஈரத்தில் ஆள் இல்லாமல் முடியாது என்ற மறுப்பு இங்கே அதிக தூரம் போகாது.

வடிவத்தின் குறையை ஆட்களைக் கொண்டு நிரப்பினார்கள் என்பதையே வண்டி ஓட்டிய முறையும் சொல்கிறது. கூட்டம் மிகுந்தால் பெரிய என்ஜின் தேடப்படவில்லை. ஒரே ரயிலை இரண்டு மூன்று துண்டுகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே விட்டார்கள். மூன்று துண்டானால் என்ஜின்களில் மட்டும் 15 பேர், பிரேக்ஸ்மேன்கள் தனி.

வேறு வழி தெரியாமல் இப்படிச் செய்தார்களா? வேல்ஸின் ஃபெஸ்டினியாக் பாதை ஏறத்தாழ இதே அகலம். அங்கே 1869இலேயே இரட்டை ஃபேர்லி என்ஜின் ஓடியது. டார்ஜிலிங்குக்கே 1910-11இல் பேயர் பீக்காக் நிறுவனத்தின் கேரட் என்ஜின் ஒன்று வந்தது. ஒரே கொதிகலன், இருபுறமும் இரு சக்கரத் தொகுதிகள், ஒரே குழு. உலகின் முதல் கேரட் டாஸ்மேனியாவுக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. புதுமைக்கு அஞ்சிய நிர்வாகம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. 1914இல் பசிபிக் வகை என்ஜின்கள் இரண்டையும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் மலைக்கு இரண்டாவது கேரட் வரவில்லை. பி வகையே தொடர்ந்து வந்தது.

கேரட்டில் கோளாறு இருந்திருக்கலாம் என்பார்கள். முதல் என்ஜினில் கோளாறு வருவது புதிதா? கோளாறைத் திருத்தி அடுத்ததை வாங்கவைக்கும் நெருக்கடி ஏன் எழவில்லை என்பதே கேட்க வேண்டியது. ஒரு குழுவைக் குறைத்தால் கணிசமாக மிச்சமாகும் என்ற நிலை இருந்தால்தான் பெரிய என்ஜினுக்கு வேலை. ஆள் மலிவாகக் கிடைத்த மலையில் அந்த நிலை இல்லை. சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு எட்டிய முடிவுதான் இது. ஆயினும் கரிமேட்டில் உட்கார்ந்த ஆளை இத்தனை எளிதாக விளக்கும் வேறொரு கருதுகோள் தென்படவில்லை.

டார்ஜிலிங் இதில் தனித்ததும் அல்ல. நீலகிரி மீட்டர் கேஜ் பாதை, 12.5-க்கு 1 என்ற ஏற்றத்தைப் பற்சக்கரத்தால் தீர்த்தது. அங்கேயும் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றார்.

இந்த வாசிப்பில், பட்டியலின் கடைசிப் பகுதியான திந்தாரியாவின் மூன்று என்ஜின்களுக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. கிளாஸ்கோவின் மேதைமைக்கு அடிக்குறிப்பாகவே அவை இதுவரை வைக்கப்பட்டன. அந்தப் பணிமனையின் ஆட்கள் ஆண்டுக்கணக்காக இவ்வகை என்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவர்கள்; எந்தப் பாகம் எங்கே தேயும் என்று அறிந்தவர்கள். வடிவம் 1925 வரை நீடித்ததில் கிளாஸ்கோவின் வரைபடத்துக்கு இணையான பங்கு இவர்களின் கைத்திறனுக்கும் இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபின் வந்த ஆய்வுகளும் என்ஜின் எண்களையே அடுக்குகின்றன. 34 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பணியாளர் பதிவேட்டையும் வைத்துப் படிக்கும் வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.