கடைசிப் பக்கத்துக்குப் பின்



நம் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். சர்க்கரை நோயினால் அவருக்குப் பார்வை மங்கிய பின்பு, அவருடைய மனைவியே அவருக்குக் கண்ணாக இருந்தார். காலையில் வேதவாசிப்பு, இரவு உணவுக்குப் பின் ‘பொன்னியின் செல்வன்’. அந்த அம்மையாரின் தாயார், ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தபோதே பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, ஐந்து பாகங்களாகப் பைண்டு செய்து வைத்திருந்த பிரதி அது. ஐந்தாம் பாகத்தில் பத்து அத்தியாயங்கள் மீந்திருக்கையில் அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சில மாதங்கள் கழித்து அவரைச் சந்திக்கச் சென்றேன். மீதியை வாசித்துக் காட்டுவதாகப் பேத்தி பலமுறை சொல்லியும் அவர் இணங்கவில்லை. காரணம் கேட்டேன். “ஐயா, அதையும் வாசித்து முடித்துவிட்டால் அவளும் முடிந்துபோவாள் போலிருக்கிறது. ஒரு கதைக்காக இப்படித் துக்கப்படுவது விசுவாசிக்குத் தகுமா?” என்றார். அன்று நான் ஜெபித்துவிட்டு வந்தேனேயன்றி, பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கேள்வியே இவ்வாரத் தியானத்தின் பொருள்.

இந்தத் துக்கம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது. இதழ் வரும் நாளுக்காக வீடுகள் காத்திருந்தன. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். வந்தியத்தேவனும் குந்தவையும் மணியம் அவர்களின் ஓவியங்களோடு அந்தந்தக் குடும்பத்து மனிதர்களாகவே ஆகிவிட்டார்கள். ஆகவே கதை நிறைவெய்தியபோது, தமிழ் வாசகர் அனைவரும் ஒரே வாரத்தில் விடைபெற வேண்டியதாயிற்று. கதை திடீரென முடிந்துவிட்டதாகவும், இன்னின்னாருக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்றும் வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதினார்கள். கல்கி அவர்களும் அதை அலட்சியம் செய்யாமல், ஒரு முடிவுரை எழுதி அவர்களுடைய வினாக்களுக்கு விடையளித்தார். அந்த வினாக்களில் குறை கூறும் தொனி இருந்தாலும், அவற்றின் உள்ளே இருந்தது பிரிவாற்றாமையே.

எழுதினவருக்கும் இத்துக்கம் உண்டு. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை ஆறு பாகங்களாக எழுதிய ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், 1787 ஜூன் 27 அன்று நள்ளிரவு நெருங்கும் வேளையில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தம் தோட்டத்துக் குடிலில் கடைசி வரியை எழுதி முடித்தார். முதலில் விடுதலையின் மகிழ்ச்சி உண்டாயிற்று என்றும், சற்று நேரத்தில் பழைய தோழன் ஒருவனை என்றென்றைக்குமாக வழியனுப்பிய துயரம் மனதைக் கவ்விற்று என்றும் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

வேறு சிலருக்குக் கடைசி வரியை எழுதும் நாளே வாய்க்கவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ நிறைவெய்திய அதே 1954இல், டிசம்பர் 5 அன்று, கல்கி தமது 55ஆம் வயதில் காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த ‘அமரதாரா’ பாதியில் நின்றது. தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். நம் திருமறையின் தமிழ் வரலாறும் இத்தகையதே. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்தார். 1719இல், 36 வயதில், மரணம் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் நிறுத்திய இடத்திலிருந்து பெஞ்சமின் சூல்ச் ஐயர் தொடர்ந்து முடித்தார். ஒருவர் கையிலிருந்து நழுவிய ஏட்டை மற்றொருவர் கையில் எடுப்பதை நாம் இங்கே காண்கிறோம்.

நம் செட்டிநாடு இதை நன்கு அறிந்த பூமி. காரைக்குடிக்கு அருகேயுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்து வைத்தார். பிறர் வாசித்து முடித்து ஒதுக்கியவற்றை அவர் முடிந்துபோனவை என்று கருதவில்லை. 1992இல் அவர் மறைந்தபோது அத்தொகுப்பு ஏறத்தாழ ஒரு லட்சத்தை எட்டியிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அது சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. இன்றும் யாரோ ஒருவர் அங்கே ஒரு பழைய ஏட்டின் முதல் பக்கத்தைப் புதிதாய்த் திறக்கிறார்.

நம் ஊர்க் கம்பன் விழாவையும் எண்ணிப்பாருங்கள். சா. கணேசன் அவர்கள் 1939இல் தொடங்கிவைத்த அவ்விழா பங்குனி மாதத்தில் காரைக்குடியில் நடந்து, நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில் நிறைவுபெறுகிறது. கல்லறையண்டையில் முடிகிற விழா மறு பங்குனியில் மீண்டும் தொடங்குகிறது. கதையின் முடிவை அறியாதவர் எவரும் அங்கே வருவதில்லை. முடிவை அறிந்தே மறுபடியும் கேட்க வருகிறார்கள்.

யூதர்களின் ஜெப ஆலய முறைமை இதனினும் நுட்பமானது. மோசேயின் ஐந்து ஆகமங்களை அவர்கள் ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். கடைசிப் பகுதி மோசேயின் மரணம். நேபோ மலையிலிருந்து தேசத்தைக் கண்ணாரக் கண்டும் அதற்குள் பிரவேசிக்காமல் அவர் மரிக்கிறார். ஜனங்கள் முப்பது நாள் துக்கங்கொண்டாடுகிறார்கள். அதை வாசித்த அதே நாளில், அதே கூட்டத்தில், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். தல்மூதின் ஒரு பகுதியைக் கற்று முடிக்கையிலோ, அந்த நூலையே நோக்கி, மீண்டும் உன்னிடம் வருவோம் என்று வாக்குக் கொடுக்கும் வழக்கமும் அவர்களிடையே உண்டு.

பிரியமானவர்களே, துக்கப்படுவது விசுவாசிக்குத் தகுமா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். மிலேத்துவில் பவுல் எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெற்ற காட்சியை அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இனி அவர் முகத்தைக் காண்பதில்லை என்று அறிந்தபோது அவர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மிகவும் அழுதார்கள். அவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்களல்லர். பவுலும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை; அவர்களோடு முழங்காற்படியிட்டு ஜெபம்பண்ணினார். நேசித்த இடத்தில்தான் பிரிவு வலிக்கும். நல்ல நூல் ஒன்று முடிகையில் மனம் கனக்குமானால், அதனோடு நாம் செலவிட்ட நாட்களும், உடன் வாசித்தவரின் குரலும் நமக்கு மெய்யாகவே அருமையானவை என்பதே அதன் பொருள். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

அதே நடபடிகள் எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். பவுல் ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் தங்கி, தடையின்றிப் போதிக்கிறார். அவ்வளவுதான். இராயனின் தீர்ப்பு என்ன, பவுலின் முடிவு என்ன என்று லூக்கா சொல்லவில்லை. கல்கிக்குக் கடிதம் எழுதின வாசகர்களைப்போல நாமும் கேட்கத் தோன்றும். சுவிசேஷம் பவுலோடு முடிந்துவிடவில்லை என்பதே அந்தத் திறந்த முடிவு நமக்குச் சொல்லும் செய்தி.

மறுவாரம் நான் அந்தச் சகோதரரிடம் சென்று சீகன்பால்கு ஐயரைப் பற்றியும், ரூத் புத்தகத்தோடு நின்ற அந்தப் பணியைப் பற்றியும் சொன்னேன். அவர் வெகுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு பேத்தியை அழைத்து, பாட்டி அடையாளம் வைத்திருந்த இடத்தைத் திறக்கச் சொன்னார். ஒவ்வோர் இரவும் ஓர் அத்தியாயமாகப் பத்து இரவுகள் அவள் வாசித்தாள். கடைசி இரவில் அவர் அழுதாராம். மறுநாள் இரவு உணவுக்குப் பின் அவர் தாமாகவே, “முதல் பாகத்தை எடம்மா, ஆடிப்பெருக்கிலிருந்து ஆரம்பி” என்றாராம். அந்த அடையாளச் சீட்டை மட்டும் தம் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் பாதியில் நின்றுபோன வாசிப்பு ஏதேனும் உண்டா? யாருடைய மறைவினாலாவது மூடப்பட்ட புத்தகம், நிறுத்தப்பட்ட குடும்ப ஜெபம் உண்டா? இவ்வாரம் அதைத் திறவுங்கள். தனியே முடியாவிட்டால், வீட்டில் இளையவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, முடிவுகளைக் கண்டு அஞ்சுகிற எங்களைத் தேற்றும். எங்களோடு வாசித்து, எங்களுக்கு முன்பாக உம்மிடம் வந்து சேர்ந்தவர்களுக்காக நன்றி செலுத்துகிறோம். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர எங்களுக்குக் குரலைத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.