ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே

வழிப்போக்கரோடு நயமாகப் பேசித் துணைக்குச் சேர்ந்து, சமயம் பார்த்துத் துணியால் கழுத்தை இறுக்கிக் கொன்று பொருளைக் கவர்ந்த தக்கர் கூட்டத்தாரை, காளிக்கு நரபலியிடும் வெறியர்களாகவே சித்திரித்து, இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி சொற்பச் செலவில் தயாரித்து 1959 டிசம்பரில் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம். டைரக்டர் டெரன்ஸ் பிஷர். துப்பறியும் கிழக்கிந்தியக் கும்பினிக் காப்டனாகக் கை ரோல்ப், பூசாரியாகச் சைப்ரஸில் பிறந்த ஜார்ஜ் பாஸ்டல் நடித்தனர். அகலத்திரைக்கு ‘ஸ்ட்ராங்லோஸ்கோப்’ என்று நாமகரணம் செய்த விளம்பரத்திலிருந்தே தயாரிப்பாளரின் நோக்கம் விளங்கும்.

தலைப்பு பம்பாயைச் சுட்டினாலும், தக்கரை ஒடுக்கிய சரித்திரத்தின் முற்பகுதி நம் அண்டைச் சீமைக்கே உரியது. அக்காலத்தில் வட ஆர்க்காட்டின் தலைமை ஸ்தலமாகிய சித்தூருக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையே 1807-இல் ஒரு கூட்டம் பிடிபட்டதும், பாளையக்காரர்களின் ஆதரவில் வாழ்ந்துவந்த பான்சிகர் எனப்பட்ட இக்கூட்டத்தாரைப் பற்றிச் சித்தூர் மாஜிஸ்திரேட் வில்லியம் ரைட் விசாரணை நடத்தியதும், சென்னை வைத்தியர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816-இல் அவர்களைக் குறித்து விரிவான வியாசம் எழுதியதும், மத்திய இந்தியாவில் ஸ்லீமன் துரை தக்கரை ஒழித்துக் கீர்த்தி பெறுவதற்கு முன்னரே நிகழ்ந்தவை. தக்கருள் முஸ்லிம்களும் பலர் இருந்தனர். கொள்ளையே ஜீவனம், தேவி வழிபாடு அதற்குக் காப்பு மாத்திரமே என்று வாதிக்கும் சரித்திராசிரியர்களும் உண்டு. படம் இவற்றையெல்லாம் சட்டை செய்யவில்லை. ஆயினும், அனுபவசாலியைத் தள்ளிவிட்டுச் சிபாரிசுள்ள அசடன் ஒருவனிடம் விசாரணையை ஒப்படைக்கும் கும்பினி மேலதிகாரியைக் காட்டிய பகுதி மட்டும் அசாதாரண யதார்த்தமுடையது.