மூட்டாத கைலி

ஜொகூர் பாருவில் ராஜமாரியம்மன் கோயிலை ஒட்டிய ஜாலான் உங்கு புவானில் ஒரு துணிக்கடைக்குப் போய்க் கைலி கேட்டேன். "மூட்டுனதா, மூட்டாததாண்ணே?" என்றார் கடைப்பையன். மூட்டாததை விரித்துக் காட்டினார். கட்டங்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் நிறம் அடர்ந்த பட்டை ஒன்று. மலாய்க்காரர்கள் அதைக் 'கெப்பாலா' என்பார்கள், தலை என்று பொருள். ஆனால் ஆண்கள் அந்தத் தலை முதுகுப் பக்கம் வரும்படிதான் உடுத்துவார்கள்.

இந்தத் துணிக்கு மலாயில் 'காயின் பெலிக்காட்'. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய அந்தத் துறைமுகத்திலிருந்து துணி கப்பலேறியது. துறைமுகம் தூர்ந்தாலும் பெயர் இன்னும் ஜொகூர்க்காரர் இடுப்பில் இருக்கிறது.

நூல் வந்த இடத்துக்கு அந்தப் பேறு இல்லை. ஆரம்பத்தில் கையால் நூற்ற நூல். பிறகு சீமை நூல். 1880களில் நம் ஊர் ஆலை நூலும் சேர்ந்துகொண்டது. ஸ்காட்லாந்தின் ஹார்வி சகோதரர்கள் பொதிகை அடிவாரத்தில், பாபநாசம் அருகே ஆலை தொடங்கினார்கள். காட்டோரத்தில் பஞ்சாலையா என்று தோன்றும். நிலக்கரி எரிக்காமல் தாமிரபரணி விழும் வேகத்திலேயே இயந்திரத்தைச் சுழற்றலாம் என்பதுதான் கணக்கு. கரிசல் பருத்தி மலையடிவாரத்துக்கு வந்தது, நூலாகத் திரும்பியது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் கைத்தறி நெசவாளர்கள். எந்தக் கைலியில் எந்த ஆலை நூல் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. நூலுக்கு ஊர் கிடையாது, நம்பர்தான்.

ஆலையை ஒட்டிய ஊர் விக்கிரமசிங்கபுரம். சிவஞான முனிவர் பிறந்த ஊர். ஆலை வந்தபின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, ஷிப்டுக்குப் போய், தலைமுடியில் பஞ்சோடு திரும்பிய ஊர். இத்தனை நீளமான பெயருக்கு ஷிப்டு மனிதருக்கு ஏது நேரம்? வி.கே.புரம் ஆகிவிட்டது. ஹார்விகளின் மதுரை ஆலைத் தொழிலாளருக்கென்று திருப்பரங்குன்றம் பக்கம் எழுந்த குடியிருப்புக்கோ முதலாளி பெயரே வாய்த்தது: ஹார்விபட்டி. அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அடுத்த வாரமே தலைவர்கள் இருவரும் சிறையில்.

நெய்த கைலி கடல் தாண்டியது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தது. தோட்டத்துக்கு வந்த ஆட்களின் தகரப்பெட்டியிலும், செட்டித் தெருக்களுக்குப் போன மூட்டையிலும் கைலி இருந்தது. 1924இல் ஜொகூர்ப் பாலம் திறந்தபின் சிங்கப்பூரிலிருந்து இங்கு வர அதற்குப் படகும் வேண்டியிருக்கவில்லை.

1974இல் ஹார்விகள் தொடங்கிய மதுரை மில்ஸ், கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. நெசவு நூலைவிடத் தையல் நூலுக்கே பெயர் பெற்றது. இன்று ஜொகூர்க் கடை அலமாரியில் இந்தோனேசியாவின் பெக்காலோங்கானில் நெய்த 'காஜா டுடுக்' கைலிகளும் அடுக்கியிருக்கின்றன. உட்கார்ந்த யானை முத்திரை.

நான் மூட்டாததையே வாங்கினேன். கடைப்பையன் உள்ளே தையல்மெஷினுக்குக் கொடுத்தார். இரு ஓரங்களையும் சேர்த்து ஒரே ஓட்டம், இருபது விநாடி. நூல்கண்டின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அட்டை கிழிந்து, நம்பர் மட்டும் மிச்சமிருந்தது.